அப்புவின் பாக்குரல்

எங்கள் வீட்டு விறாந்தையில், அப்புவின் சாய்மனைக் கதிரைக்கு அருகே, ஒரு பித்தளைப் பாக்குரல் எப்போதும் இருந்தது. பல் விழுந்த முதியோர் வெற்றிலையையும் பாக்கையும் இடித்துக் குழைத்து உண்பதற்குக் கையாளும் சிறிய உரல்களை யாவரும் அறிவர். ஆயின் அப்புவின் உரல் கன்னாரிடம் செய்வித்ததன்று. ஆறு விரற்கடை உயரம்; அடி சற்று அகன்று, மேலே போகப் போக ஒடுங்கி, வாயருகே தோள்போல இறங்கிய வடிவம். அது ஒரு பீரங்கி ரவையின் வெற்றுக் கோது. நீண்ட இரும்பாணி ஒன்றின் தலையைத் தட்டையாக்கி உலக்கையாக வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஏழெட்டுத் தடவை அப்பு அதில் இடிப்பார். அந்த ஓசை கேட்டே நாங்கள் நேரம் அறிந்துகொள்வதுண்டு.

அதற்கொரு வரலாறும் இருந்தது. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அப்பு அங்கே துறைமுகத்திற் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் விமானம் சுட்டுக்கொண்டு போனது. ஓடுகையில் காலடியில் வந்து விழுந்தது இந்தக் கோது. அதை மடியிற் கட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்து ஓமந்தைக்கு அப்பாலிருக்கும் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். இதுவே கதை. "யப்பான்காரன் எனக்கெண்டு போட்டது மோனை. சன்னம் தவறிப்போச்சு, கோது வந்து சேர்ந்திட்டுது" என்று சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைச் சொல்லி நான் அடைந்த பெருமை கொஞ்சமன்று.

1979 இல், பேராதனையில் விஞ்ஞான பீட மாணவனாக இருந்த காலத்தில், ஒரு விடுமுறைக்குப் பின் அந்த உரலை இரவலாகப் பெற்றுக்கொண்டு போனேன். மருதானையிற் பழைய புத்தகக் கடையொன்றில், விமானத் துப்பாக்கிகள் பற்றிய, அட்டை கழன்ற ஆங்கில நூலொன்று அகப்பட்டிருந்தது. அதை வாசித்ததிலிருந்து, எங்கள் கோதை முறையாக இனங்காண வேண்டும் என்ற ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியால் அளந்தேன். நீளம் 110 மில்லிமீற்றர். வாயின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர். அடியின் விட்டம் 25 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவு.

இந்த அளவுகளின் பொருளை விளங்கிக்கொள்ளச் சிறிது விளக்கம் வேண்டும். ஒரு ரவையின் உறுப்புகள் நான்கு. பறந்து செல்லும் எறியம். அதைத் தள்ளும் வெடிமருந்து. மருந்தைத் தாங்கும் கோது. கோதின் அடியில், ஊசி தட்டியதும் தீப்பொறி எழுப்பும் தீமூட்டி. எறியம் போய்விடும், மருந்து எரிந்துவிடும். எஞ்சுவன கோதும் தீமூட்டியுமே. எனவே இத்துறையைப் பயில்வோர் பெரும்பாலும் கோதையே வாசிக்கக் கற்கின்றனர். துப்பாக்கிக் குழலின் விட்டத்தை முதலிலும் கோதின் நீளத்தை அடுத்தும் வைத்து ரவைக்குப் பெயரிடுவது அவர்களின் வழக்கம். யப்பானியக் கடற்படையின் சீரோ விமானத்தில் 1942 இல் இருந்த பீரங்கியின் ரவை 20×72. ஜேர்மனியரின் எம்.ஜி. எஃப்.எஃப். பீரங்கியினது 20×80, அதன் இடத்துக்குப் பின்னர் வந்த எம்.ஜி. 151/20 இனது 20×82. சோவியத் ஷ்வாக் பீரங்கியினது 20×99. பிரித்தானிய விமானங்கள் தாங்கிய ஹிஸ்பானோவினது 20×110. ஐந்தும் 20 மில்லிமீற்றர் ரவைகளே. எனினும் ஒன்றன் ரவை மற்றொன்றன் அறைக்குப் பொருந்தாது. எறியத்தின் பருமனை மட்டும் அறிந்தவன் ஒன்றும் அறியாதவனே.

என் முன்னால் இருந்ததோ 110. இடுக்கியை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 110 தான்.

நீளம் ஒன்றைக் கொண்டு முடிவு செய்தல் தகாது என்று அந்த நூல் எச்சரித்திருந்தது. கப்பல்களில் இருந்த ஓர்லிக்கன் பீரங்கியின் கோதும் 110 மில்லிமீற்றர் நீளமுடையதே. இரண்டையும் பிரித்தறிய அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். ஓர்லிக்கன் வழிவந்த பீரங்கிகள் யாவற்றிலும் விளிம்பு கோதின் உடலைக் காட்டிலும் சிறுத்திருக்கும். இதற்குக் காரணம் பௌதிகம் படிப்போருக்குச் சுவையானது. அப்பீரங்கிகளில் அறையைப் பூட்டும் பொறி கிடையாது. கனமான இரும்புக் கட்டை ஒன்று ரவையைத் தள்ளிக்கொண்டு முன்னோக்கி விரைந்துவரும். அது ஓய்வதற்கு முன்னரே தீமூட்டி தட்டப்படும். வெடிப்பின் கணத்தாக்கில் ஒரு பகுதி, முன்னேறி வரும் கட்டையை நிறுத்துவதிலேயே செலவாகிவிடும்; எஞ்சியதே அதைப் பின்தள்ளும். அந்தக் கணத்தில் கோது அறைச்சுவரின் ஆதரவின்றி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெடித்துவிடும். ஆகவே கோது அறைக்குள் ஆழ அமிழ்ந்திருக்க, கட்டையின் முகமும் கோதைப் பற்றும் கொளுக்கியும் அதன் பின்னே உள்ளே நுழைய வேண்டும். கொளுக்கிக்கு இடம் விடவே விளிம்பு சிறுத்தது. ஹிஸ்பானோவில் நிலை வேறு. அதில் வெடிக்கும் வேளையில் அறை பூட்டப்பட்டிருக்கும். குழலிலிருந்து பெறும் வாயுவின் அமுக்கமே பின்னர் பூட்டைத் திறக்கும். அதனால் அதன் கோதின் விளிம்பு ஏறத்தாழ உடலின் விட்டமே உடையது. இடையில் ஒரு தவாளிப்பு மட்டுமே இருக்கும். ஓர் உலோக வளையத்தின் பருமனிலிருந்து, நேரிற் கண்டிராத ஒரு பொறி எவ்வாறு இயங்கியது என்று சொல்ல முடிவது எத்துணை வியப்பு!

அப்புவின் உரலின் விளிம்பு உடலின் விட்டமே கொண்டிருந்தது.

இனி எஞ்சியது அடியில் உள்ள எழுத்து. முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சாந்துத் தரையிலும் கருங்கல்லிலும் இடிபட்டு, வெற்றிலைச் சாறும் சுண்ணாம்பும் படிந்து, அடி கறுத்திருந்தது. விடுதியின் சமையற்கட்டிற் கேட்டு வாங்கிய பழப்புளியைப் பூசி ஊறவைத்துச் சாம்பலால் தேய்த்தேன். நடுவே தீமூட்டியின் வட்டம்; அதில் ஊசி குத்திய குழி. ஆகவே இது சுடப்பட்ட ரவையின் கோதுதான், அதில் ஐயமில்லை. வட்டத்தைச் சுற்றித் தேய்ந்த எழுத்துகள் தெரிந்தன. 'கே' என்ற ஆங்கில எழுத்து. பிரித்தானிய ரவைகளில் அது கைனொக் என்ற தொழிற்சாலையைக் குறிப்பது. அதற்கப்பால் ஓர் ஆண்டு. அது 1943.

நீளமும் விளிம்பும் சொன்னதை இந்த நான்கு இலக்கங்கள் முத்திரையிட்டு முடித்துவைத்தன. 1943 இல் செய்யப்பட்ட கோது 1942 இல் யார் காலடியிலும் விழுந்திருக்க முடியாது.

அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை. ஒரு புதிரை அவிழ்த்தவனின் மகிழ்ச்சி அது. அப்புவிடம் இதை எவ்வாறு சொல்வது என்ற எண்ணம் அதன் பின்னரே வந்தது. வீட்டுக்குப் போகும் புகைவண்டியில் அந்த எண்ணம் வளர்ந்துகொண்டே வந்தது. அவரிடம் காணியில்லை, பட்டமில்லை. ஊரார் அவரைத் தேடிவந்து கேட்ட கதை இது ஒன்றே. அதை ஓர் இடுக்கியாலும் ஒரு பிடி புளியாலும் பறித்துவிடும் உரிமை எனக்கு உண்டா?

ஈற்றிற் சொன்னேன். தாழ்வாரத்தில் இருவருமே இருந்த நேரம் பார்த்து, கோதைக் கவிழ்த்து ஆண்டைக் காட்டிச் சொன்னேன். அப்பு அதை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இது வெள்ளைக்காரன்ரையோ?"

"ஓம் அப்பு."

"பிறகு வவுனியாவிலை பிளேன் இறங்கிற வெளி வெட்டேக்கையும் நான் வேலை செய்தனான். அங்கையும் உது கிடந்தது. எங்கை எடுத்தனோ, ஆர் தந்ததோ..." என்று இழுத்தவர், சிறிது நேரத்தின் பின் சொன்னார்: "மோனை, கோது வேறையாயிருக்கலாம். நான் ஓடினது பொய்யில்லை."

பின்னர் ஒரு பாக்கை எடுத்து அதிற் போட்டு இடிக்கத் தொடங்கினார்.

அந்த ஒரு வாக்கியம் நான் வாசித்த நூல்களிலும் பார்க்கக் கூடுதலாகக் கற்பித்தது. கோது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியன்று என்ற எல்லை அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. அப்பு ஓடியதற்குக் கோது சாட்சியன்று. ஆனால் கோது சாட்சியாகாமையால் அவர் ஓடியது பொய்யாகிவிடாது. அந்நாளில் திருகோணமலைக்கு விமானங்கள் வந்தன, அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, இவை வரலாறு. அப்புவின் கதைக்கு ஆதாரம் இவையும் அவருடைய நினைவுமே. பித்தளையை அதற்குள் இழுத்தது நாங்கள்.

"அரை மணித்தியாலம் விடாமற் சுட்டான்" என்றும் அப்பு சொல்வதுண்டு. அன்றைய சீரோ விமானத்தின் சிறகுகளில் இருந்த இரு பீரங்கிகளுக்கும் தலா 60 ரவைகளே உண்டு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுடும் பொறியில் அவை ஏழு வினாடி அளவில் தீர்ந்துவிடும். இதையும் நான் கணக்கிட்டு வைத்திருந்தேன்; ஆனால் அவரிடம் சொல்லவில்லை. நிலத்தில் முகம் புதைத்துக் கிடப்பவனுக்கு ஏழு வினாடியின் நீளம் யாது என்பதை அளக்க வேணியர் இடுக்கி உதவாது.

அந்தக் கோது எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். 1943 இன் பிற்பகுதியில் பிரித்தானிய விமானப்படையின் 89 ஆவது அணி எகிப்திலிருந்து இலங்கைக்கு வந்து வவுனியாவில் நிலைகொண்டது. அவர்களது போபைற்றர் விமானம் ஒவ்வொன்றிலும் நான்கு ஹிஸ்பானோப் பீரங்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்று பயிற்சிக்குச் சுட்டுக் கழித்த கோதாக இது இருத்தல் கூடும். கூடும் என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். 'இன்ன விமானத்திலிருந்து, இன்ன நாளில்' என்று ஒரு கோதின் கழுத்திற் கதையைக் கட்டிவிடுவதே பழைய ரவைகளைத் திரட்டுவோரைப் பற்றும் பெரு நோய். கதை சேர்ந்தாற் பெறுமதி கூடும். அதனால் விற்போரும் சேர்ப்பர், வாங்குவோரும் நம்புவர். நிறத்தைப் பார்த்து வகை சொல்லிவிடுவது மற்றொரு நோய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவின் சிறு ரவையொன்றின் அடியிலுள்ள நீல வளையம் தீமூட்டும் சன்னத்தைக் குறித்தது. இன்று நேட்டோ நாடுகளில் நீலம் பயிற்சி எறியத்தின் நிறம். ஒரே நிறம், அன்று தீ, இன்று பயிற்சி. காலத்தையும் நாட்டையும் அறியாமல் நிறத்தை நம்புபவன் தன் கையை இழக்கவும் கூடும்.

மேலும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். சீரோவின் பீரங்கி சுவிற்சர்லாந்தின் ஓர்லிக்கன் நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் யப்பானிற் செய்யப்பட்டது. ஜேர்மனியரின் எம்.ஜி. எஃப்.எஃப். பீரங்கியும் ஓர்லிக்கன் குடும்பமே. பிரித்தானியக் கப்பல்கள் அந்த விமானங்களை நோக்கிச் சுட்டதும் ஓர்லிக்கனாலேயே. ஹிஸ்பானோவை வடிவமைத்த மார்க் பிர்கிற் ஜெனீவாவிற் பிறந்தவர். போரிற் கலவாத ஒரு சிறு நாட்டின் பட்டறை அறிவு, எதிரெதிர் நின்ற இரு பக்கங்களினதும் சிறகுகளில் ஏறியிருந்தது. கோதுகளை நிரைப்படுத்தி வைத்துப் பார்க்கும்போது கொடிகள் மறைந்து குடும்பங்கள் தெரிகின்றன. ஆயின் கூலிக்காரனின் தலைக்கு மேல் அவை பறந்தபோது அந்தக் குடும்ப உறவு அவனுக்கு யாதொரு நன்மையும் செய்யவில்லை.

அப்பு 1982 இற் காலமானார். பாக்குரல் விறாந்தையிலேயே இருந்தது. நான் அதை அளந்த அதே 1979 ஆம் ஆண்டிலேயே பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்திருந்தது. 1985 அளவில் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகத் தேடுதல் நடைபெறத் தொடங்கியபோது அம்மாவின் கண் அந்த உரலிற் போய் நின்றது. பாக்கு இடிக்கும் உரல் என்று யாருக்குச் சொல்வது? எந்த மொழியிற் சொல்வது? 1943 என்ற இலக்கத்தைக் காட்டி வாதிட முடியுமென்று நான் எழுதிய கடிதம் போய்ச்சேருமுன், ஒரு மாலை அவர் அதைக் கிணற்றிற் போட்டுவிட்டார். அவர் செய்ததே சரி. ஒரு கோது எதற்குச் சாட்சியாகும் என்பதைத் தீர்மானிப்பது எப்போதும் அதை வாசிக்கத் தெரிந்தவனாய் இருப்பதில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வகை ரவைகளைத் திரட்டிக் கற்போருக்குச் சங்கங்களும் சஞ்சிகைகளும் உண்டு. மருந்து நீக்கி, துளையிட்டு, உயிரற்றதாக்கிய ரவைகளையே அறிந்தோர் கைக்கொள்வர். எங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. எங்கள் மண்ணிற் கிடப்பவை உயிருள்ளவை. சுடப்படாத ரவையிலும் பார்க்க, சுடப்பட்டு வெடிக்காமற் கிடக்கும் எறியமே கொடியது. குழலை விட்டுச் சுழன்று பறக்கும்போது அதன் வெடிதூண்டியின் காவல்கள் விலகிவிடுகின்றன. அதன்பின் ஒரு தட்டுதல் போதுமானது. பழையதாகிவிட்டதால் அது சாகாது. துரு அதன் மனநிலையை மேலும் கெடுக்கவே செய்யும். பழைய இரும்பென்று பொறுக்கி விற்கப்போய்க் கை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இக்கட்டுரையை வாசித்து எவரேனும் நிலத்திற் கிடப்பதைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பின், நான் எழுதியது அவ்வளவும் வீண். தொடாமல் விலகி, இடத்தை அடையாளமிட்டு, உரியவருக்கு அறிவிப்பதே இத்துறையின் முதற் பாடம்.

பல இடப்பெயர்வுகளின் பின் 2011 இல் எங்கள் காணிக்குத் திரும்பினோம். குடியிருக்க விடுமுன் கண்ணிவெடி அகற்றுவோர் வளவையும் கிணற்றையும் பார்த்தனர். கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ளியபோது வாளியொன்றில் பலவும் வந்தன. அவற்றுள் பச்சைக் களிம்பேறிய ஒரு கோதும் இருந்தது. பொறுப்பாயிருந்த இளைஞர் அளந்து பார்த்து, "இருபது மில்லிமீற்றர், நூற்றுப்பத்து, புக்காறாவினுடையதாக இருக்க வேண்டும்" என்றார். அவர் நன்கு பயின்றவர். 1990 களின் முற்பகுதியில் இலங்கை விமானப்படை வாங்கிய புக்காறா விமானத்தின் பீரங்கியும் ஹிஸ்பானோக் குடும்பமே. அதன் கோதும் 20×110 தான். அளவு மட்டும் பேசினால் அவர் சொன்னது பிழையன்று.

அடியைத் துடைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் துணியால் அழுத்தித் துடைத்தார். 'கே' தெரியவில்லை. ஆண்டில் முதல் மூன்று இலக்கங்களே எஞ்சியிருந்தன: ஒன்று, ஒன்பது, நான்கு. அவை போதும். வாய் விளிம்போ ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்து, இரும்பாணி உரசிய தடத்துடன் இருந்தது. எந்தப் பீரங்கியும் அப்படித் தேய்ப்பதில்லை.

இளைஞர் தம் பதிவேட்டில் முன்னர் எழுதியதை வெட்டி, "20 மி.மீ. வெற்றுக் கோது, 1; இரண்டாம் உலகப் போர்க்காலம்" என்று திருத்தி எழுதினார். அதை வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. மற்றவற்றோடு அதையும் பெட்டியிலிட்டுக் கொண்டுபோயினர்.

அந்தப் பதிவு சரியானது. கோது சொல்லக்கூடியது அவ்வளவே. அதில் ஒரு சொல்லையும் நான் கூட்டமாட்டேன். பதிவேட்டில் இல்லாதது இது: அந்தக் கோதில் ஒரு முதியவர் நாள்தோறும் பாக்கு இடித்தார், அவர் ஒருமுறை திருகோணமலையிலிருந்து மூன்று நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குச் சாட்சியாகப் பித்தளை ஏதும் என்னிடம் இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.